மெர்சியின் கணவருக்குச் சொட்டு மருந்து

“அக்கா, நான் ஊருக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் தெனமும் சாயங்காலம் இவருக்கு நீங்கதான் மருந்து ஊத்தி விடணும்” என்றாள் மெர்சி.

மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. மைசூர் விஜயநகரில் நான் பார்வை பரிசோதகராக வேலை பார்க்கும் சின்னக் கண் மருத்துவமனையில் ஈர நடைமிதியும் பினாயிலும் கலந்த வாசனை. கடைசி நோயாளியும் போயாயிற்று. வரவேற்பில் இருக்கும் பவ்யா குடையைத் தேடிக்கொண்டிருந்தாள். மெர்சி எட்டு மாத வயிற்றோடு நாற்காலியில் பக்கவாட்டாக உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் ஆல்பர்ட், தன்னைப் பற்றித் தன் முன்னாலேயே புகார் சொல்லப்படும் மனிதரின் முகத்தோடு, வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இவுரு கையில குடுத்தா கண்ணைத் தவிர எல்லா எடத்துலயும் ஊத்திக்கறாருங்க்கா. கன்னத்துல, காதுல. நேத்து சட்டைப் பையில.”

“பையில இல்ல” என்றார் ஆல்பர்ட். “காலர்ல.”

“நீங்க பக்கத்துத் தெருதானுங்களே. ஒரு நிமிச வேலை. உங்களை விட்டா நான் யாரைங்க்கா நம்பறது?”

அவள் நம்பிய ஆள், அதாவது நான், ஆறு மாதமாக அவள் கணவரை நினைக்கக் கூடாத விதத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அதுக்கென்ன மெர்சி, பார்த்துக்கலாம்” என்றேன்.

எண்ணத்துக்குச் செய்தி போகவில்லை

நான் கல்யாணமாகாதவள் என்று, பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரில் போகிறபோக்கில் எழுதியதைப் படித்த ஒரு வாசகி, சுற்றி வளைக்காமல் கேட்டிருந்தார். ‘நீங்கள் கிறிஸ்தவர். தனியாக இருக்கிறீர்கள். அந்த மாதிரி எண்ணங்கள் வந்தால் என்ன செய்வீர்கள்?’ கீழே, ‘இதற்குப் பதில் எழுத வேண்டாம்’ என்றும் போட்டிருந்தார். எழுதுகிறேன்.

ஆட்களின் பெயரையும் தொழிலையும் மாற்றியிருக்கிறேன். எஸ்தர் என்ற என் பெயரை மட்டும் இனிமேல் மாற்ற வழியில்லை. ஆல்பர்ட்டுக்கும் மெர்சிக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. இருவருமே கன்னடத்தில் படித்தவர்கள். என் தைரியத்தில் பாதி அதுதான்.

அவர்கள் எங்கள் தமிழ்ச் சபைக்கு வந்தது ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால். பாடகர் குழுவின் ஒத்திகையில், அடிக்குரல் பாடும் வரிசையில் ஒரு புதுக் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்துவிட்டு ஒருவர், கன்னட எழுத்தில் எழுதிக்கொண்ட பாட்டுத் தாளைப் பிடித்திருந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பெரிய பெரிய இரும்பைத் தூக்கிப் பழகிய கை.

அவ்வளவுதான். இதற்குப் பின்னால் கதை எதுவும் கிடையாது. ஒரு முன்கை.

அவருக்குக் கல்யாணமானது முதல் வாரம் எனக்குத் தெரியாது. இரண்டாம் வாரம் தெரிந்தது. எனக்குத்தான் தெரிந்தது, எண்ணத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அது தன் பாட்டுக்கு வந்தது. காணிக்கைப் பை வரும்போது வந்தது. மாவு அரைக்கும்போது வந்தது. இருட்டறையில் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் ஒருவர் சுவரிலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்க, அப்போதும் வந்தது. “கடைசி வரி சரியாம்மா?” என்று அவர் கேட்டார். கடைசி வரியை நான் கவனித்திருக்கவில்லை. இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். சந்தோஷமாகப் படித்தார்.

எண்ணம் என்று மரியாதையாக எழுதுகிறேன். வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வைத்தியங்கள்

எதுவும் செய்யாமல் இருந்துவிடவில்லை.

முதலில் பச்சைத் தண்ணீர்க் குளியல். டிசம்பர் மாத மைசூரில் விடியற்காலையில் பச்சைத் தண்ணீர். சளி பிடித்தது. ஒரு வாரம் இருமிக்கொண்டே அவரை நினைத்தேன்.

அடுத்தது உபவாசம். வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம்வரை தண்ணீர் மட்டும். இது ஓரளவு வேலை செய்தது என்றே சொல்ல வேண்டும். அன்று முழுக்க மசால் தோசையை மட்டும்தான் நினைத்தேன். ஆறு மணிக்கு மேல், வயிறு நிறைந்த பிறகு, பழைய நினைப்பு திரும்பியது. கொஞ்சம் தெம்பாகவே திரும்பியது.

எண்ணம் வந்தால் உடனே மனதுக்குள் ஒரு கீர்த்தனை பாடு என்று முன்பு ஒரு பிரசங்கத்தில் கேட்டிருந்தேன். பாடினேன். எல்லாக் கீர்த்தனையிலும் அடிக்குரல் இருக்கிறது.

கடைசியாக, ஆலயத்தில் தூணுக்குப் பின்னால் இடம் மாற்றிக்கொண்டேன். ஆள் தெரியாது. குரல் மட்டும் வரும். இதில் எது மோசம் என்று இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை.

ஜெபமும் செய்தேன். ‘இதை என்னைவிட்டு எடுத்துப்போடும்’ என்று, பல்வலிக்காரி டாக்டரிடம் கேட்பதுபோல. ஆண்டவர் எடுத்துப்போடவில்லை. முப்பதில் நின்றுவிடும் என்று ஒருகாலத்தில் நம்பியிருந்தேன். பிறகு நாற்பதில் நின்றுவிடும் என்றார்கள். நாற்பதும் தாண்டிவிட்டது.

‘உனக்கென்ன, நிம்மதி’

நான் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. கொள்ளேகாலில் அப்பா படுக்கையில் கிடந்த வருடங்களில் வரன்கள் வந்தன, நான் வேண்டாமென்றேன். அப்பா போன பிறகு நான் தயாராக இருந்தேன், வரன்கள் வரவில்லை. நடுவில் ஒருவரைப் பிடித்திருந்தது. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ஆனால் ஒரு வயதுக்கு மேல், கல்யாணமாகாத பெண்ணுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதையே சபை மறந்துவிடுகிறது. “உனக்கென்ன எஸ்தர், நிம்மதி. ஜெபம், வேலை, வீடு” என்பார்கள் பெண்கள் ஐக்கியத்தில். முகாம்களில் இளம்பெண்கள் தூங்கும் அறைக்கு என்னைத்தான் காவல் வைப்பார்கள்.

அப்படி ஒரு முகாமில் பரிசுத்தம் பற்றிப் பேச வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். பையன்களைத் தனியாக உட்காரவைத்து, கண்களைக் காத்துக்கொள்வது எப்படி என்று காலை முழுக்கப் பேசினார். பெண்களிடம் துப்பட்டாவைப் பற்றிப் பேசினார். பெண்களுக்கும் கண் உண்டு என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. கண்ணைப் பிழைப்பாக வைத்திருப்பவள் என்பதால் எனக்கு இது உறுத்தியது.

அழுத்தம்

மே மாதத்தில் ஆல்பர்ட் கண்ணாடி மாற்ற மெர்சியோடு மருத்துவமனைக்கு வந்தார். கருவிக்கு முன்னால் அவர் தாடையை வைக்கச் சொன்னேன். முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரம். இந்த மாதிரி நேரத்தில் தொழில் கைகொடுக்கும். கண்ணுக்குள் பார்க்கும்போது ஆள் தெரிவதில்லை.

அழுத்தம் இரண்டு கண்ணிலும் அதிகமாக இருந்தது. மறுபடி அளந்தேன். அதேதான். எங்கள் டாக்டரம்மா பார்த்துவிட்டு, கண் நரம்பு பாதிக்க ஆரம்பித்திருக்கிறது என்று உறுதி செய்தார். குளுக்கோமா. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். தினமும் ஒரே நேரத்தில், கண்ணுக்கு ஒரு சொட்டு, ஆயுசு முழுக்க.

ஆல்பர்ட் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெர்சிதான் பேசினாள். “வாய் தொறங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. இவங்கப்பாவுக்கும் இதுதானுங்க. கண்ணு தெரியாமயே போய்ச் சேந்தாருங்க.”

அந்தச் சொட்டு மருந்தைத்தான் அவரால் ஊற்றிக்கொள்ள முடியவில்லை. பாட்டிலைக் கண்ணருகே கொண்டுபோனால் இமை இறுக மூடிக்கொள்ளும். மெர்சி அவர் நெற்றியை முழங்கையால் அமுக்கி, பிரித்து ஊற்றிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் பிரசவத்துக்குக் கொள்ளேகாலில் உள்ள தாய்வீட்டுக்குப் போகிறாள், அவளுக்கும் என் ஊர்தான். எனக்கு எப்படி அந்த வேலை வந்தது என்பது விளங்கியிருக்கும்.

கழுவின கிண்ணங்கள்

அந்தச் சனிக்கிழமை, நற்கருணையில் திராட்சரசம் கொடுக்கும் சின்னக் கிண்ணங்களைத் துடைக்கிற முறை எனக்கும் பாஸ்டரம்மாவுக்கும். பெயர் ஷீபா. நாகர்கோவில் பக்கம். பள்ளியில் கணக்கு டீச்சர். என்னைவிட ஒன்பது பத்து வயது சிறியவர். பதவிக்கு மரியாதையாக நான் அவரைப் பாஸ்டரம்மா என்பேன், வயதுக்கு மரியாதையாக அவர் என்னை அக்கா என்பார்.

துடைத்துக்கொண்டே சொன்னேன். ஆள் யாரென்று சொல்லவில்லை. கல்யாணமான ஒருவர்மேல் எண்ணம் போகிறது, நிற்கவில்லை, இப்போது தினமும் பார்க்க வேண்டி வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். சொன்ன பிறகுதான் ஒரே கிண்ணத்தை ரொம்ப நேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

ஷீபா இன்னொரு கிண்ணத்தை எடுத்துத் துடைத்தார். பிறகு, “பாடகர் குழுவா?” என்றார்.

“ஆமா.”

“அடிக்குரல்?”

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“பேரு வேண்டாம்க்கா” என்றார். “வேற எதுவும் நடக்கலையே?”

“நடக்கல. அவருக்கு எதுவுமே தெரியாது. என்னை சிஸ்டர்னு கூப்பிடறாரு.”

“சரி.”

“நேரத்துல ஒரு கல்யாணம் பண்ணியிருந்தா இந்தப் பாடு இருந்திருக்காது” என்றேன்.

ஷீபா சிரித்துவிட்டார். “யாரு சொன்னா? எனக்குக் கல்யாணம் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. எனக்கு நின்னுட்டுன்னா நெனைக்கீங்க?”

“பாஸ்டருக்குத் தெரியுமா?”

“தெரியும். அவருக்கும் நிக்கல. ரெண்டு பேரும் சேந்துதான் ஜெபம் பண்ணுவோம். சில நாள் சண்டையும் போடுவோம்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இருபது வருடமாகக் கல்யாணத்தை ஒரு மருந்துக்கடை என்று நினைத்து, அது எனக்கு மட்டும் பூட்டியிருக்கிறது என்று அழுதிருக்கிறேன்.

“அப்ப என்னதான் பண்றது?”

“எனக்கு மட்டும் தெரியுமா? வெரட்டினா இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வருது. நாற்காலி போட்டா ராத்தங்கிடுது. அதனால வந்துட்டுன்னு ஆண்டவர்ட்ட அப்பவே சொல்லிடுதேன், வெக்கப்படாம. அப்புறம் கையில உள்ள வேலையைப் பாக்கேன். கொஞ்ச நேரத்துல போயிடுது. மறுபடி வருது. மறுபடி சொல்லுதேன்.” துணியைப் பிழிந்தார். “ஆனா ஒண்ணு. அந்த ஆளு வீட்டுக்கு நீங்க போகாதீங்க.”

“நோயாளி பாஸ்டரம்மா.”

“நோயாளின்னா ஆசுபத்திரிக்கு வரட்டும்.”

இமை

ஆசுபத்திரிக்கு வந்தார். திங்கட்கிழமை ஆறு மணிக்கு. பவ்யாவை இருக்கச் சொல்லி, வரவேற்பு அறையின் வெளிச்சத்திலேயே உட்காரவைத்தேன்.

கீழிமையை இழுத்துப் பிடித்தேன். சோப்பும் கிரீஸும் கலந்த வாசனை. அவர் நாற்காலியின் கையைப் பிடித்திருந்த பிடியில் அந்த முன்கை நரம்பெல்லாம் புடைத்திருந்தது. எண்ணம் வந்தது. ‘வந்துட்டு ஆண்டவரே’ என்று மனதுக்குள் சொன்னேன், நாகர்கோவில் தமிழிலேயே. சொட்டு விழுந்தது. மற்றக் கண்ணிலும் ஊற்றினேன். மருந்து தொண்டைக்கு இறங்காமலிருக்க மூக்கோரத்தை விரலால் அமுக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்க் கை கழுவினேன்.

போகவில்லை. ஆனால் வேலை நடந்தது.

புதன்கிழமை, கண்ணை மூடி அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் தானாகவே பேசினார். “எங்கப்பா கடைசி வருஷம் என் மொகத்தைக் கையால தடவித்தான் பாப்பாரு சிஸ்டர். தாடி வெச்சிருந்தா, யாரப்பா நீன்னு கேப்பாரு.” விரலை எடுக்காமலே, “கொழந்தை வரப்போவுது. மொகம் பாக்கணும்” என்றார்.

பவ்யா பில் புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனாலும் புரிந்திருந்தது.

ஆறு மாதத்தில் முதல்முறையாக அவருக்கு ஒரு அப்பா இருந்தார் என்பது எனக்கு உறைத்தது. அதுவரை அவர் எங்கிருந்தும் வராதவர். ஒரு கை, ஒரு குரல், என் வசதிக்கு மடித்த ஒரு சட்டைக் கை. பயப்படுகிற ஒரு மனிதர் அந்தச் சட்டைக்குள் இருந்திருக்கிறார்.

இதோடு எண்ணம் நின்றது என்று எழுத ஆசைதான். வியாழக்கிழமையும் வந்தது.

இரண்டாவது சேலை

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆல்பர்ட் போன் செய்தார். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, ஏழு ஆகிவிடும், அதற்குள் மருத்துவமனை பூட்டிவிடுமே. “சிரமம் பாக்காம வீட்டுக்கு வந்து ஊத்திட்டுப் போறீங்களா சிஸ்டர்? ரெண்டு நிமிஷம்.”

“சரி” என்றேன்.

கள்ளங்கபடமில்லாமல் கேட்டார். எனக்கும் நியாயமாகவே பட்டது. மருந்து ஒரு நாள் தவறக் கூடாது, அது உண்மை. மெர்சிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதுவும் உண்மை. வீட்டுக்கு வந்து முகம் கழுவி நீலச் சேலை கட்டினேன். நன்றாக இல்லை. அவிழ்த்துவிட்டு மெரூன் கட்டினேன்.

மெரூன் சேலைக்கு ஊக்குக் குத்தும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கண்ணுக்கு மருந்து ஊற்றப் போகிறவள் எதற்கு இரண்டாவது சேலை கட்டுகிறாள் என்று தோன்றியது.

இன்னொன்றும் தோன்றியது. இமையை இறுக்கிக்கொள்ளும் குழந்தைகளுக்கு எங்களிடம் ஒரு சுலபமான வழி உண்டு. நான் தினமும் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. ஐந்து நாளாக அதை ஆல்பர்ட்டிடம் நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். மறக்கவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த நாள் அவர் வரமாட்டார்.

கட்டிலில் உட்கார்ந்தேன். ‘வந்துட்டு’ என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. அழுகை வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. மாவு புளித்துக்கொண்டிருந்த வாசனை மட்டும் அடுக்களையிலிருந்து வந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். போக வேண்டும் என்று உடம்பு சொன்னது. இருக்கட்டும் என்று இருந்தேன். மறுபடி சொன்னது. மறுபடி இருந்தேன். பிறகு சேலையை அவிழ்த்து மடித்துவைத்தேன். நைட்டியை மாட்டிக்கொண்டு, அவர் வீடு திரும்பியிருக்கும் நேரம் பார்த்து ஆல்பர்ட்டுக்குப் போன் போட்டேன்.

“நான் வரலீங்க. நீங்களே ஊத்தப் போறீங்க. அப்படியே லைன்ல இருங்க” என்று சொல்லி, கொள்ளேகாலுக்குப் போன் போட்டு மெர்சியையும் சேர்த்துக்கொண்டேன்.

“ஏனுங்க்கா, என்னாச்சு?” என்று பதறினாள்.

“ஒண்ணுமில்ல மெர்சி. உன் வீட்டுக்காரர் பாடம் படிக்கப் போறாரு. ஆல்பர்ட், கட்டில்ல மல்லாந்து படுங்க. தலகாணி வேண்டாம். கண்ணை மூடிக்குங்க.”

“மூடினா எப்படி ஊத்தறது சிஸ்டர்?”

“மூடிக்கிட்டேதான். மூக்கோரத்துல, கண்ணு முடியற எடத்துல குழி மாதிரி இருக்கும். அங்க ஒரு சொட்டு விடுங்க.”

“விட்டாச்சு.”

“இப்ப மெதுவா தொறங்க. தானா உள்ள போகும்.”

“தொறக்க மாட்டேங்குது.”

“ஏனுங்க, ஒரு கண்ணைத் தொறக்கறதுக்கு என்னங்க இவ்வளவு...” என்று மெர்சி ஆரம்பித்தாள்.

“திட்டாத மெர்சி. மூடியிருந்தா இருக்கட்டும், ஆல்பர்ட். பயந்தா எல்லாருக்கும் மூடும். அவசரமில்ல. தொறக்கறப்ப தொறக்கும். நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்.”

மூன்று பேரும் சும்மா இருந்தோம். கொள்ளேகால் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. யாரோ மெர்சியைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவள், “பொறும்மா, இவுரு கண்ணு தொறக்கட்டும்” என்றாள்.

“போயிருச்சு!” என்று கத்தினார் ஆல்பர்ட். “உள்ள போயிருச்சு! எரியுது!”

“எரியட்டுங்க!” என்று மெர்சியும் கத்தினாள். அவள் அழுவதும் கேட்டது. “அக்கா, நீங்க நல்லாயிருக்கணுங்க்கா.”

மற்றக் கண்ணையும் முடித்துவிட்டுப் போனை வைத்தேன். தோசை ஊற்றிச் சாப்பிட்டேன். மனசு பாரமாகத்தான் இருந்தது. எதையோ ஜெயித்த மாதிரி எல்லாம் இல்லை. வேண்டிய ஒன்றை வேண்டாமென்று சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சனிக்கிழமை ஆறு மணிக்கு அவர் வரவில்லை. வாசலைப் பார்த்தேன். பிறகு பவ்யாவுக்குக் குடை தேடிக்கொடுத்தேன்.

ஞானத்தாய்

பெண் குழந்தை. ஆல்பர்ட்டின் கண் அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன மாதத்திலேயே மெர்சி குழந்தையோடு மைசூர் திரும்பினாள். வந்ததும், குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு என்னைத்தான் ஞானத்தாயாக நிற்கக் கேட்டாள். பதில் சொல்ல ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். நில்லுங்கள் என்றார் ஷீபா.

ஞானஸ்நானத்தன்று ஆல்பர்ட் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையை மடித்துத்தான் விட்டிருந்தார். நன்றாகவே இருந்தார், பார்த்தேன். மெர்சி, குழந்தையின் தொப்பி நழுவுகிறது என்றாள், அதைச் சரிசெய்தேன். குழந்தை ஆல்பர்ட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானஸ்நான ஆராதனையில் ஞானப் பெற்றோரிடம் சில கேள்விகள் கேட்பார்கள். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், பெஞ்சில் உட்கார்ந்து, மத்தியானச் சமையலை யோசித்துக்கொண்டு. அன்று கேள்வி எனக்கு. சாத்தானைப் பற்றிக் கேட்டார் பாஸ்டர். உலகத்தின் வீண் மகிமையைப் பற்றிக் கேட்டார். மூன்றாவதாக, மாம்ச இச்சைகளை விட்டுவிடுகிறீர்களா என்றார்.

முதல் வரிசையில் ஷீபா தன் செருப்பைக் குனிந்து பார்த்தார்.

நான் தமிழ் எழுத்துப் படித்தது ஞாயிறு பள்ளியில். இலக்கணம் அதிகம் தெரியாது. ஆனாலும் அந்த நேரத்தில் ஒன்று காதில் விழுந்தது. ‘விட்டுவிட்டீர்களா’ என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குழந்தையை வைத்துக்கொண்டு பொய் சொல்லியிருக்க வேண்டும். ‘விட்டுவிடுகிறீர்களா’ என்றுதான் கேட்டார். வாசல் பெருக்குகிறேன், பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று சொல்வோமே, இன்றைக்குச் செய்து நாளைக்கும் செய்ய வேண்டிய வேலைகளுக்கு, அந்த மாதிரி.

“விட்டுவிடுகிறேன்” என்றேன்.

மைக் பக்கத்திலேயே இருந்ததால் தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டுவிட்டது.